எச்.ஐ.வி. ஆய்வு: யார் பணம், யார் இரத்தம்?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோபர்கைரனேயில் காலையிலிருந்து விடாத மழை. துர்பே மொத்தச் சந்தையில் கிடங்கு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், நெல்லைச் சீமைக்காரர், பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்த தாள்களுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மருந்துத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதனால் மருத்துவச் சீட்டுகளைப் படித்துச் சொல்லும் வேலை, இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குள் எனக்குத் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது நமக்குத் தெரிஞ்ச ஒரு பையனுக்கு ஆஸ்பத்திரியில குடுத்தது. கையெழுத்துப் போட்டா மருந்து சும்மா குடுப்பாங்களாம். போடலாமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எட்டுப் பக்கம். பாதி ஆங்கிலம், பாதி மராத்தி. எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து கண்டவர்களிடம் நடத்தப்படும் ஓர் ஆய்வுக்கான சம்மதப் படிவம் அது. அந்தப் பையன் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவனாம். ஆறு ஆண்டுகளாக மும்பையில் பிழைப்பு. சந்தை இந்தி சரளம், மராத்தி எழுத்து தெரியாது. பையன் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினேன். கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் எச்.ஐ.வி. மருந்து இலவசம்தான். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்ட எட்டு மையங்களில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் ஒன்று, நம்மூர்த் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. காசநோய் மருந்தும் அப்படியே. ஆக, மருந்துக்காகக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் தம்பியின் முகத்தில் ஒரு நிம்மதி. அதற்கடுத்த நொடியே ஒரு சந்தேகமும். "அப்போ எதுக்கு இந்தக் கையெழுத்து?"

அன்று படிவத்தைப் படித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. இடையிடையே அவர் மூன்று கேள்விகள் கேட்டார். மருந்துதான் கண்டுபிடித்தாயிற்றே, இன்னும் என்ன ஆராய்ச்சி? இதற்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறார்கள்? ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றவர்களை எதற்காகத் தேடிப் பிடிக்கிறார்கள்? படித்த நண்பர்கள்கூட இப்படிக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அன்று வாய்க்கு வந்தபடி சொன்ன பதில்களைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

மருந்து இருக்கையில் ஆராய்ச்சி எதற்கு?

எச்.ஐ.வி. என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியைக் காக்கும் வெள்ளை அணுக்களை அழிக்கும் கிருமி. கூட்டு மருந்து அதைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. நாள் தவறாமல் உட்கொண்டால் நீண்ட ஆயுள் வாழலாம். இதுவரை உலகம் முழுவதற்கும் பொதுவான கதை. இதற்குப் பின்தான் ஊருக்கு ஊர் கதை மாறுகிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகம் பரவியது இக்கிருமியின் 'பி' வகை. நம் நாட்டில் பெரும்பாலும் காணப்படுவது 'சி' வகை. அதனால்தான் தடுப்பூசி முயற்சியொன்றில், நம் நாட்டுச் 'சி' வகைக் கிருமியை அடிப்படையாகக் கொண்டு தயாரித்த ஊசியை 2006இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் தன்னார்வலர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். உலகில் எங்கும் இன்றுவரை எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி கைகூடவில்லை, அது வேறு விஷயம். அந்த முயற்சியை வேறு யாராவது நமக்காகச் செய்திருப்பார்களா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

கிருமி வகையைவிட முக்கியமானது கூட வரும் நோய். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைக் குடிப்பதில் முதலிடம் காசநோய்க்கு. நியூயார்க்கு மருத்துவர் இதைப் பற்றி அதிகம் கவலைப்படமாட்டார். தாராவிச் சந்துகளில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் உறங்கும் மும்பையில் இதுவே முதல் கவலை. இரண்டு நோய்க்கும் சேர்த்து மருந்து கொடுக்கும்போது ஒரு சிக்கல் எழும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் என்னும் மருந்து ஈரலைத் தூண்டிவிட்டு, எச்.ஐ.வி.க்கான நெவிரபின் போன்ற மருந்துகளை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போகும், வேலை செய்யும் அளவுக்கு நிற்காது.

நெவிரபின் விலை மலிவானது. நம் நாட்டின் இலவசத் திட்டத்தில் தொடக்க காலத்தில் பரவலாகக் கொடுக்கப்பட்டது. காசநோயும் உள்ளவர்களுக்கு அதை நாளுக்கு ஒருவேளை கொடுத்தால் போதுமா, அல்லது எஃபாவிரென்ஸ் என்னும் வேறு மருந்துதான் வேண்டுமா? இக்கேள்வியைத் தமிழ்நாட்டு நோயாளிகள் 116 பேரிடம் சென்னை மையம் ஆராய்ந்தது. நெவிரபின் பிரிவில் இழப்புகள் அதிகமாகத் தெரிந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2011இல் வெளியாயிற்று. பணக்கார நாட்டு மருந்துக் கம்பெனி எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. அதில் அவர்களுக்கு லாபமும் இல்லை, அவர்கள் ஊரில் இந்த நோயாளியும் இல்லை.

இன்னொன்று. காசநோய் மாத்திரையை வாரத்துக்கு மூன்று நாள் கொடுப்பதுதான் நம் அரசுத் திட்டத்தில் பல ஆண்டுகள் நடைமுறையாக இருந்தது. சுகாதாரப் பணியாளர் கண் முன்னே விழுங்க வைப்பதற்கு அது வசதி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அது போதுமா என்று அறிய, அதே நிறுவனம் 331 பேரைச் சேர்த்து 2009இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. தினமும் மருந்து எடுத்தவர்களில் 100க்கு 91 பேருக்கு நல்ல பலன். வாரம் மூன்று நாள் எடுத்தவர்களில் 77 பேருக்குத்தான். மருந்துக்கு அடங்காத கிருமி தலைதூக்கியதும் இந்த இரண்டாம் வகையினரிடம்தான். ஆய்வறிக்கை 2018இல் அச்சேறியது. அதற்குள்ளாகவே, 2017இல், நாடு முழுவதும் தினசரி மாத்திரைக்கு மாற்றம் வந்துவிட்டது. அந்தப் பையன் இன்று தினமும் காலையில் விழுங்கும் காசநோய் மாத்திரைக்குப் பின்னால் முகம் தெரியாத 331 பேர் நிற்கிறார்கள் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

இந்த நிறுவனத்தின் பழைய கதை ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அதைத் தொடங்கின. அக்காலத்தில் காசநோய் என்றால் மலைக்காற்று, நல்ல சாப்பாடு, சானடோரியத்தில் ஓராண்டுப் படுக்கை. ஏழைக்கு எங்கே போவது? சென்னையில் 193 நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சானடோரியத்திலும் மறு பகுதியைக் குடிசை வீட்டிலேயேயும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டிலுள்ளோருக்குத் தொற்று கூடவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அரைவயிற்றுக் கஞ்சி குடித்த சென்னை ஏழைகள் உலகத்துக்குப் பாடம் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் இது ஏன் இல்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

பணம் யாருடையது?

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் கண்டறிந்த கதை, பணமே இல்லாமல் நடந்த கதை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் ஆய்வுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தார். அமெரிக்காவில் மட்டும் உள்ள நோய் என்று எல்லோரும் நம்பியிருந்த நேரம். நிர்மலா மயிலாப்பூர்க் காப்பகத்துக்கும் பிற இடங்களுக்கும் சென்று பாலியல் தொழிலாளர்களிடம் இரத்தம் சேகரித்தார். மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். சென்னையில் பரிசோதிக்கும் வசதி இல்லாததால் கணவருடன் இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். 1986இல் அந்த மாதிரிகளில் சில, கிருமி இருப்பதைக் காட்டின. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் கணவரின் துணையும் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு 'நம் நாட்டில் இது இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்திருப்போமோ.

பிறகு பணம் வந்தது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானது. அதன் முதல் கட்டத்துக்கு உலக வங்கி 840 இலட்சம் டாலர் கடன் கொடுத்தது. அதே 1992இல் நமக்கு அருகிலேயே, புனேயின் போசரியில், தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையத்தை மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிறுவியது. அண்மையில் மற்றக் கிருமிகளின் ஆராய்ச்சியையும் சேர்த்து அதன் பெயரை மாற்றியிருக்கிறார்கள். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 15,471.94 கோடி ரூபாய். இது முழுவதும் மத்திய அரசின் பணம், அதாவது நீங்களும் நானும் தீப்பெட்டி வாங்கும்போதுகூடக் கட்டும் வரி. பெரும்பகுதி மருந்துக்கும் பரிசோதனைக்கும் தடுப்புப் பணிக்கும் போய்விடும். அது நியாயமும்கூட. ஆனால் கடனில் தொடங்கிய ஒரு காரியம் சொந்தக் காசுக்கு வந்து சேர முப்பது ஆண்டு ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் நடந்த பெரிய ஆய்வுகளும் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கணவன் மனைவியரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருக்கும் 1,763 இணையரை ஒன்பது நாடுகளில் சேர்த்து அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தன. சென்னையும் புனேயும் அதில் இடம் பெற்றன. கிருமி உள்ளவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் தெரிந்தது. மருந்தே தடுப்பும் ஆகிறது என்னும் இந்த அறிவினால்தான், கிருமி கண்டவுடன் எல்லோருக்கும் மருந்து என்ற கொள்கையை 2017இல் நம் அரசும் ஏற்றது.

ஆனால் பிறர் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. 2025இல் அமெரிக்க அரசு மருத்துவ ஆராய்ச்சிக்கான நூற்றுக்கணக்கான நிதியுதவிகளை நடுவில் நிறுத்தியது. எச்.ஐ.வி. ஆய்வுகள் பலவும் அவற்றில் அடக்கம். சில பிறகு நீதிமன்றத்தின் வழியே திரும்பக் கிடைத்தன. பாதியில் நின்றுபோகும் ஆய்வில், அதற்கு முன் இரத்தம் கொடுத்தவரின் இரத்தம் வீண்.

நம்மை எதற்குத் தேடுகிறார்கள்?

தம்பியின் மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதில் ஒரு பயமும் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

அரசின் எய்ட்ஸ் திட்ட ஏடுகளில் 'பாலம் போன்ற மக்கள்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. புலம்பெயர்ந்த தொழிலாளரும் லாரி ஓட்டுநரும் அதில் வருகிறார்கள். நோய் மிகுந்த இடத்துக்கும் அவர்களது கிராமத்து வீட்டுக்கும் இடையே பாலம் என்று பொருள். கர்ப்பிணிகளிடம் நடக்கும் கண்காணிப்பு ஆய்வில் வயது, படிப்பு, தொழில் ஆகியவற்றுடன் கணவர் வெளியூரில் பிழைப்பவரா என்றும் கேட்கிறார்கள். நூற்றுக்கணக்கான லாரிகள் வந்து போகும் துர்பே சந்தையை ஒட்டி வாழும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் 'பாலம்' என்று யாராவது நம்மைச் சொல்லும்போது, ஆளை மறந்து அவன் மேல் நடந்து போகிற நினைப்பு எனக்கு வருகிறது. இது என் சொந்தக் குறை. மன்னிக்கவும்.

1990இல் நடந்ததைப் பழைய மும்பைத் தமிழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியிலிருந்து தமிழ்ப் பெண்கள் 800க்கும் மேற்பட்டோரை மீட்டுத் தனி ரயிலில் தமிழ்நாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று அதற்குப் பெயர். முக்தி என்றால் விடுதலை. போய்ச் சேர்ந்த இடம் அரசுக் காப்பகங்கள். இரத்தப் பரிசோதனை நடந்தது. பலருக்குக் கிருமி இருப்பது தெரிந்ததும் அந்த எண் செய்தியாயிற்று, மனிதர்கள் செய்தியாகவில்லை. அதே ஆண்டில், கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனைக் காலம் முடிந்தும் சென்னைக் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களுக்காகப் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் சென்றார். நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

அந்தப் பெண்களிடம் இரத்தம் எடுத்தவர்கள் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. கிடைத்த எண்ணால் அவர்களுக்கு ஒரு மாத்திரையும் கிடைக்கவில்லை, அன்று கொடுக்க மாத்திரையும் இல்லை. இது ஆராய்ச்சியே அல்ல. ஆனால் நம் மக்கள் மனதில் 'இரத்தம் எடுத்து ஆராய்கிறார்கள்' என்ற சொற்களுக்கு இந்தப் பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரியாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2005இல் நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர் 52 இலட்சம் என்று அரசு கணக்கிட்டிருந்தது. அது பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளுக்கு வந்தவர்களின் இரத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு. அங்கு வருபவர்கள் ஏழைகள். தனியார் மருத்துவமனையில் கிருமி கண்டதும் கைகழுவி அனுப்பப்பட்டவர்களும் அங்கேதான் வந்து சேர்வார்கள். 2005-06இல் நடந்த மூன்றாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் வீடு வீடாகச் சென்று, சம்மதம் கேட்டு, பெயரை நீக்கி, ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரிடம் விரல் நுனி இரத்தம் வாங்கினார்கள். 15 முதல் 49 வயதுக்குள் 0.28 சதவீதம் என்று தெரிந்தது. மகாராஷ்டிரத்தில் 0.62, தமிழ்நாட்டில் 0.34. அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 2006க்கான மதிப்பீடு சுமார் 25 இலட்சமாக இறங்கியது. பாதிக்கும் கீழே! நோயாளிகள் குணமாகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை, முன்பு கேட்ட இடம் தவறு. 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டிலும் நாட்டில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர் 25 இலட்சத்துக்குச் சற்று மேல்தான். மாநிலங்களில் முதலிடம் நாம் வாழும் மகாராஷ்டிரத்துக்கு.

அப்படியானால் மும்பைத் தமிழரைத் தனியே எண்ண வேண்டுமா? அமெரிக்காவில் எண்ணுகிறார்கள். ஸ்பானிய மொழி மரபினர் அந்நாட்டு மக்கள்தொகையில் 100க்கு 19 பேர். 2022இன் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் அவர்கள் பங்கு 100க்கு 33. மெக்சிகோவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் பிழைக்க வந்து, மொழியாலும் வேலையாலும் மருத்துவமனைக்குத் தள்ளி நிற்பவர்கள் அவர்களில் பலர். இந்த வித்தியாசம் தெரிந்ததால்தான் அவர்கள் வாழும் ஊர்களிலேயே, அவர்கள் மொழியிலேயே ஆய்வு நடத்த வரிப்பணம் கேட்க முடிகிறது. 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றியது. அரசுப் பணம் பெறும் மருத்துவ ஆய்வில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்த்தே தீர வேண்டும் என்பது அச்சட்டம். நம் நாட்டில் மொழிச் சிறுபான்மையினருக்கு அப்படி ஒரு விதி இல்லை. மும்பையில் நாம் தமிழராக எந்த மருத்துவக் கணக்கிலும் தெரிவதில்லை. வெளியூரார் என்ற ஒரே மூட்டையில் பீகார்க்காரருடனும் உத்தரப்பிரதேசத்தாருடனும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு இதில் இரண்டு மனம். முக்தி எக்ஸ்பிரஸை நினைத்தால், 'தமிழர்க்கு இத்தனை சதவீதம்' என்ற ஓர் எண் நாளைக்குச் சுவரொட்டியில் வந்துவிடுமோ என்று அச்சம். அந்தப் பையனை நினைத்தால், தெரியாமலே இருப்பதும் ஆபத்து. யோசித்துப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவு இது. மருத்துவமனைப் பதிவேட்டில் மொழியை எழுத வேண்டாம். ஆனால் தாராவி, செம்பூர், கோபர்கைரனே போன்ற இடங்களில் சம்மதத்துடன் நடக்கும் ஆய்வுகளில் கேட்கட்டும். மருந்து ஏன் விட்டுப்போகிறது, ஊருக்குப் போகும்போது என்ன ஆகிறது, மருத்துவர் சொன்னது புரிந்ததா என்றெல்லாம் நம் மொழியில் கேட்கட்டும். அதற்குப் பொதுப்பணம் செலவாகட்டும். மற்ற நண்பர்கள் வேறுவிதமாக நினைக்கலாம், எழுதுங்கள்.

மீண்டும் அந்தப் படிவம்

எட்டுப் பக்கத்தில் மோசமானது எதுவும் இல்லை. இத்தனை முறை இரத்தம் எடுப்போம், வந்து போகும் செலவு தருவோம், மீதி இரத்தத்தைக் குளிர்பதனத்தில் வைத்திருந்து பிறகு ஆராயலாமா என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைத் தனியே யோசித்து நிரப்பும்படி சொன்னேன். இதற்குச் சம்மதித்து அதற்கு மறுக்கலாம்.

2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறாமல் பரிசோதனையும் கூடாது, சிகிச்சையும் கூடாது, ஆராய்ச்சியும் கூடாது. பெயர் தெரியாமல் நடக்கும் கண்காணிப்புக் கணக்கெடுப்பு போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளோ, ஆய்வுக்கு உட்படுபவருக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவரானால் ஆய்வில் தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும், எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது, ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்கின்றன. நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். இருந்தது. தம்பி அதைத் தம் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

"தமிழ்ல கேட்டா குடுப்பாங்களா அண்ணாச்சி? கோவப்பட மாட்டாங்களா?"

கேட்பது பையனின் உரிமை, கோபப்பட்டால் அவர்கள் தப்பு என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நின்று கேட்பது எத்தனை சிரமம் என்று எனக்கும் தெரியும். மூன்று வாரம் கழித்து வழியில் பார்த்தபோது, தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவரை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினார்களாம் என்றார். பையன் கையெழுத்துப் போட்டானா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்கழி கடைசியில் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கேள்வி வேறு. பொங்கலுக்குப் பையன் ஊருக்குப் போகிறான், அறுவடைக்கும் இருந்துவிட்டு வருவானாம், நடுவில் மாத்திரை தீர்ந்துபோனால்? புறப்படும் முன்பே மையத்தில் சொல்லி, போதுமான மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். சிகிச்சை அட்டையைப் பெட்டியில் போடாமல் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் தங்குவதானால் இங்கிருந்து மாற்றுச் சீட்டு வாங்கி நம் மாவட்டத்துக் கூட்டு மருந்து மையத்திலேயே தொடரலாம். ஊரில் அதற்கு வழி கேட்க 'நம்பிக்கை மையம்' என்று சொன்னால் போதும், அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். வழியில் ஏதாவது சந்தேகம் என்றால் 1097க்குக் கட்டணமில்லாமல் பேசலாம். தம்பி எல்லாவற்றையும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், பெரிய பெரிய தமிழ் எழுத்தில், எழுதி வாங்கிக்கொண்டு போனார்.